முடிச்சு விழும் இடம்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடக்கூடிய ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டென்றால், அது லீவ் லெட்டர் வாக்கியம்தான். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்.’ இலக்கணப்படி பழுதில்லாத வாக்கியம். முதலில் ‘ஆஸ்’ என்ற இணைப்புச் சொல், அதையடுத்துக் காரணம், ஒரு காற்புள்ளி, பிறகு கோரிக்கை.

அதே பிள்ளைகள் கல்லூரி முடித்து அலுவலகத்துக்கு மெயில் எழுதும் காலத்தில் அந்த வாக்கியத்துக்குள் ஒரு சொல் கூடிவிடுகிறது. ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஸோ ஐ ரிக்வெஸ்ட் யூ...’ மனப்பாடமாக எழுதியவரை சரியாக இருந்தது. சொந்தமாக யோசித்து எழுதத் தொடங்கியதும் ‘ஸோ’ உள்ளே வந்துவிட்டது. ‘ஆல்தோ’ வந்தால் கூடவே ‘பட்’ வருகிறது. ‘பிகாஸ்’ வந்தால் கூடவே ‘ஸோ’.

நான் மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குப் போகும் செவிலியர்கள், ஐடி கம்பெனியில் சேர்ந்த பிள்ளைகள், போட்டித் தேர்வு எழுதுபவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். இந்த இரட்டை இணைப்பு மட்டும் எல்லோரிடமும் ஒரே அச்சாக இருக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு நகர்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. இத்தனை பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்றால் அங்கே ஒரு கல் இருக்கத்தான் வேண்டும். அந்தக் கல் ஆங்கிலத்தில் இல்லை, நம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது என்பதுதான் என் துணிபு.

‘மழை பெய்தாலும் போனோம்.’ இதில் இரண்டு செய்திகளையும் சேர்த்துக் கட்டுவது ‘ஆலும்’. அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். முதல் செய்தி முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில் நிற்கிறது. ‘மழை பெய்ததால் போகவில்லை’, ‘மழை பெய்தபோது உள்ளே இருந்தோம்’, ‘மழை பெய்தால் போகமாட்டோம்’, ‘மழை வரும் என்று சொன்னார்கள்’ என எதை எடுத்தாலும் முடிச்சு அந்த எல்லையில்தான் விழுகிறது. தமிழ், வினையின் வாலில் முடிச்சுப் போடும் மொழி.

ஆங்கிலத்தில் ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட்’ என்கிறபோது முடிச்சு வாக்கியத்தின் தலையிலேயே விழுந்துவிடுகிறது. இரண்டு செய்திகளும் சந்திக்கும் எல்லையில் ஒரு காற்புள்ளி மட்டும் மிஞ்சுகிறது. தமிழ்க் காது அந்த இடத்தில் ஏதோ குறைகிறது என்று உணர்கிறது. கை தானாக ஒரு ‘பட்’டை எடுத்து அங்கே வைத்துவிடுகிறது.

வகுப்பில் இதை விளக்க, கரும்பலகையில் தமிழ் வாக்கியத்தை மேலேயும் ஆங்கில வாக்கியத்தைக் கீழேயும் எழுதி, இணைக்கும் உறுப்பை மட்டும் வட்டமிடச் சொல்வேன். மேலே வட்டம் நடுவில் விழும், கீழே இடது ஓரத்தில் விழும். ‘சார், இது அங்கேயே போயிடுச்சே’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. ஒரு வாக்கியத்துக்கு ஒரு முடிச்சு போதும்; ஆங்கிலத்தில் அது முன்னாலேயே போடப்பட்டுவிட்டது.

இனி இணைப்புச் சொற்களின் வகைகளுக்கு வருகிறேன். பாடப்புத்தகங்கள் மூன்று பெட்டிகள் தருகின்றன: சமமாக இணைக்கும் கோஆர்டினேட்டிங், ஒன்றை மற்றொன்றுக்குக் கீழே வைக்கும் சபார்டினேட்டிங், இரட்டையாக வரும் கோரிலேட்டிவ். முதல் பெட்டியில் ஏழு சொற்கள்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. இவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். மனப்பாடத்தில் தவறில்லை. ஆனால் பட்டியலைத் தெரிந்துகொண்டவருக்கு, ஒரு சொல் ஏன் இந்தப் பெட்டியில் இருக்கிறது, அந்தப் பெட்டியில் ஏன் இல்லை என்பது தெரிவதில்லை. ‘பட்’டும் ‘ஆல்தோ’வும் கிட்டத்தட்ட ஒரே பொருள்தானே, பிறகு ஏன் வேறு வேறு வகை? எந்த மாணவர் கேட்டாலும் நான் மகிழ்ச்சியோடு பதில் சொல்லும் கேள்வி இது.

பதிலுக்கு ஒரு சோதனை போதும். இணைப்புச் சொல்லையும் அதை ஒட்டிய கூறையும் சேர்த்துத் தூக்கி வாக்கியத்தின் முன்னால் வைத்துப் பாருங்கள். ‘வீ வென்ட் ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங்’ என்பதை ‘ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், வீ வென்ட்’ என்று மாற்றலாம், ஒன்றும் கெடவில்லை. ‘இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட்’ என்பதை ‘பட் வீ வென்ட், இட் வாஸ் ரெய்னிங்’ என்று மாற்றினால் வாக்கியம் உடைந்துவிடும். இடம் பெயரக்கூடியது சபார்டினேட்டிங். நடுவிலேயே நின்றாக வேண்டியது கோஆர்டினேட்டிங். ‘பட்’ இருபுறமும் சம உரிமையுள்ள இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நிற்கிறது, இரண்டில் எதற்கும் அது சொந்தமில்லை. ‘ஆல்தோ’ தன் வாக்கியத்தைத் தனக்குக் கீழே பிடித்து வைத்துக்கொண்டு, அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நகர்கிறது.

இந்தச் சோதனை ‘ஃபார்’ என்ற சொல்லிடம் சுவையாக வேலை செய்யும். காரணம் சொல்லும்போது அதற்கும் ‘பிகாஸ்’ பொருள்தான். ஆனால் ‘பிகாஸ் ஹி வாஸ் டயர்ட், ஹி ஸ்லெப்ட்’ சரி. ‘ஃபார் ஹி வாஸ் டயர்ட், ஹி ஸ்லெப்ட்’ தவறு. பொருள் ஒன்றாக இருந்தும் நடத்தை வேறு. வகையைத் தீர்மானிப்பது பொருள் அல்ல, நடத்தை. பேச்சில் இந்த ‘ஃபார்’ இன்று அரிது. படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும், எழுத வேண்டியதில்லை என்றுதான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளக்ஸ் என்று வாக்கியத்தை மாற்றச் சொல்லும் கேள்வி எல்லோருக்கும் நினைவிருக்கும். ‘இன் ஸ்பைட் ஆஃப் ஹிஸ் பாவர்ட்டி, ஹி இஸ் ஆனஸ்ட்’ என்பது சிம்பிள். ‘ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்’ காம்பவுண்ட். ‘தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்’ காம்ப்ளக்ஸ். மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உண்மை நிலவரம் மூன்றிலும் ஒன்றுதான், ஆனால் கேட்பவர் மனதில் எது தங்க வேண்டும் என்பது வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். இணைப்புச் சொற்களைக் கற்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

வெளிநாட்டு வேலைக்காகச் செவிலியர்கள் எழுதும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் ஒரு கடிதம் எழுத வேண்டும். நோயாளியின் குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் ஒருவரைப் பற்றி என் மாணவி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: ‘ஆல்தோ ஹி இஸ் ஸ்டில் இன் பெயின், த வூண்ட் இஸ் ஹீலிங் வெல்.’ பிழையே இல்லை. ‘சிஸ்டர், இதைப் படிக்கிற டாக்டர் உடனே என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டேன். ‘வலி மாத்திரையைக் கொஞ்சம் பார்க்கணும் சார். டோஸ் பத்தல.’ ‘அப்போ இந்த வாக்கியத்தைப் படிச்சா அவர் அதைப் பார்ப்பாரா?’ அவர் வாக்கியத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றி எழுதினார்: ‘ஆல்தோ த வூண்ட் இஸ் ஹீலிங் வெல், ஹி இஸ் ஸ்டில் இன் பெயின்.’ முதல் வாக்கியம் டாக்டரை நிம்மதிப்படுத்துகிறது. இரண்டாவது அவரை மருந்துச் சீட்டின் பக்கம் திருப்புகிறது. சொற்கள் அத்தனையும் அவையே. ‘ஆல்தோ’ பிடித்துவைத்த செய்தி பின்னுக்குப் போகும். பிடிபடாத செய்திதான் வாக்கியத்தின் எடையைத் தாங்கும்.

‘பட்’டில் எடை வேறு மாதிரி விழும். அங்கே சம உரிமை, அதனால் கடைசியாக வருவது காதில் நிற்கிறது. கடைக்காரர் ‘நல்ல துணி, ஆனா விலை கூட’ என்பதற்கும் ‘விலை கூட, ஆனா நல்ல துணி’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

‘அண்ட்’ எளிமையான சொல் என்று நினைத்துப் புத்தகங்கள் சீக்கிரம் தாண்டிவிடுகின்றன. தமிழர்களுக்கு அது எளிதல்ல. தொல்காப்பியம் இடையியலில் ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். இவற்றில் ‘அண்ட்’ ஏற்கும் வேலை எண், அதாவது ‘டீயும் காபியும்’ என்று அடுக்கிச் சொல்வது ஒன்றுதான். ‘அவனும் வந்தான்’ என்றால் ‘ஹி கேம் டூ’, ‘மூவரும் வந்தார்கள்’ என்றால் ‘ஆல் த்ரீ கேம்’. எங்கெல்லாம் ‘உம்’ இருக்கிறதோ அங்கெல்லாம் ‘அண்ட்’ போட முடியாது.

மறுபக்கம், தமிழில் ‘உம்’ இல்லாத இடத்தில் ஆங்கிலம் ‘அண்ட்’ கேட்கும். ‘அம்மா எழுந்து, வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் காய்ச்சி எங்களை எழுப்பினாள்.’ வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்க, முற்று ஒன்றே ஒன்று, கடைசியில். ஆங்கிலத்தில் ஐந்து வினைகளும் முற்றாக நிற்கும். கடைசி வினைக்கு முன்னால் மட்டும் ஒரு ‘அண்ட்’ வரும், மற்ற இடங்களில் காற்புள்ளி. ஒவ்வொரு வினைக்கும் ஒரு ‘அண்ட்’ போட்டால், கதையை மூச்சுவிடாமல் சொல்லும் குழந்தையின் பேச்சாகிவிடும்.

‘அண்ட்’டோடு மறுப்பு சேரும்போதுதான் உண்மையான சிக்கல். ‘நான் டீயும் காபியும் குடிக்கமாட்டேன்’ என்றால் தமிழில் இரண்டுமே கிடையாது என்று பொருள். இதை அப்படியே ‘ஐ டோன்ட் ட்ரிங்க் டீ அண்ட் காபி’ என்று சொன்னால், இரண்டையும் சேர்த்துக் குடிப்பதில்லை, ஒன்று மட்டும் என்றால் சரி என்று எடுத்துக்கொள்ளவும் இடம் உண்டு. இரண்டுமே வேண்டாம் என்பதற்கு ஆங்கிலம் ‘ஆர்’ கேட்கிறது: ‘ஐ டோன்ட் ட்ரிங்க் டீ ஆர் காபி.’ நம் ‘உம்’ இருக்கும் இடத்தில் அவர்களுக்கு ‘அல்லது’ வருகிறது. இதை நம்ப மாணவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும்.

அவர்களுக்கு நான் சொல்லும் செய்தி, இந்தக் குழப்பம் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் உண்டு என்பது. அமெரிக்காவில் 2018-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப் ஆக்ட்’, போதைப்பொருள் வழக்குகளில் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து சிலருக்கு விலக்கு தரும் விதியை விரிவாக்கியது. விலக்கு வேண்டுபவரின் குற்றப் பதிவில் மூன்று இருக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை: நான்குக்கு மேற்பட்ட குற்றப் புள்ளிகள் (பழைய தண்டனைகளுக்காகக் கணக்கிடப்படுபவை), மூன்று புள்ளி பெற்ற பழைய குற்றம், ‘அண்ட்’ இரண்டு புள்ளி பெற்ற வன்முறைக் குற்றம். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் விலக்கு மறுக்கப்படுமா, ஏதாவது ஒன்று இருந்தாலே மறுக்கப்படுமா? விலக்கு கேட்டு மேல்முறையீடு செய்தவரிடம் முதல் இரண்டும் இருந்தன, மூன்றாவது இல்லை. ஒரே ‘அண்ட்’டை வைத்து அவருடைய சிறைக்காலம் நிற்கிறது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 மார்ச் 15 அன்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி எலீனா கேகன், மூன்றில் ஒன்று இருந்தாலும் விலக்கு இல்லை என்றார். மாற்றுத் தீர்ப்பை எழுதியவர் நீல் கோர்சச். அவரோடு சோனியா சோட்டோமேயரும் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சனும் சேர்ந்துகொண்டார்கள். அந்த நீதிமன்றத்தை வழக்கமாகப் பிரிக்கும் அரசியல் கோடு அன்று எங்கும் தென்படவில்லை. ஒருவருக்கு ‘அண்ட்’ எப்படிக் கேட்கிறது என்பதற்கும் அவர் அரசியலுக்கும் தொடர்பில்லை என்பதால் எனக்கு அது வியப்பாக இல்லை. சட்டம் எழுதியவர்கள் அந்த இடத்தில் ‘ஆர்’ போட்டிருந்தால் வழக்கே இல்லை என்று தோன்றும்.

மருத்துவமனை வார்டில் இதே கேள்விக்கு நீதிமன்றம் போக நேரம் இருக்காது. ‘பிபி குறைந்தாலோ பல்ஸ் கூடினாலோ டியூட்டி டாக்டரைக் கூப்பிடவும்’ என்பதை ‘ஆர்’ போட்டு எழுதினால் ஒன்று நடந்தாலே போன் போகும். ‘அண்ட்’ போட்டு எழுதினால், பிபி குறைந்தும் பல்ஸ் கூடவில்லை என்று காத்திருப்பவர் தவறு செய்தவர் ஆகமாட்டார். நைட் ஷிஃப்ட்டுக்கு ஹேண்டோவர் எழுதும் என் மாணவிகள் இந்த இரண்டு சொற்களையும் எழுதுமுன் ஒருமுறை நிறுத்தி யோசிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இது.

கோரிலேட்டிவ் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. ‘ஐதர்’ வந்தால் ‘ஆர்’, ‘நைதர்’ வந்தால் ‘நார்’, ‘போத்’ வந்தால் ‘அண்ட்’, ‘நாட் ஒன்லி’ வந்தால் ‘பட் ஆல்ஸோ’. ‘நோ ஸூனர்’ வந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ வந்தால் ‘வென்’ என்பதைப் போட்டித் தேர்வுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். இரட்டைச் சொற்களில் முக்கியம், இரண்டுக்கும் பின்னால் ஒரே வகை உறுப்பு வர வேண்டும் என்பது. ஒருபுறம் பெயர் என்றால் மறுபுறமும் பெயர், ஒருபுறம் வினை என்றால் மறுபுறமும் வினை. இன்னொன்று, ‘நைதர் த டீச்சர் நார் த ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் வினை, தனக்கு அருகில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போய் ‘வேர்’ ஆகும்.

‘அன்லெஸ்’ தனியாக ஒரு வரி பெற வேண்டிய சொல். ‘வராவிட்டால்’ என்பதற்குள் இருக்கும் மறுப்பு ‘அன்லெஸ்’ஸுக்குள்ளேயே இருக்கிறது. ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும்.

சபார்டினேட்டிங் சொற்களில் ‘சின்ஸ்’, ‘ஆஸ்’, ‘வைல்’ மூன்றும் காலத்தையும் சொல்லும், காலம் அல்லாததையும் சொல்லும். ‘சின்ஸ் ஹி லெஃப்ட்’ என்றால் அவர் போனதிலிருந்தா, அவர் போய்விட்டதாலா? பின்னால் வருவதைப் படித்தால்தான் தெரியும். குழப்பம் வரும் என்று தோன்றினால் காரணத்துக்கு ‘பிகாஸ்’ போட்டுவிடுவது நல்லது. ஆனால் ‘பிகாஸ்’ஸுக்கும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஐ டிட் நாட் கோ பிகாஸ் ஐ வாஸ் ஆங்ரி.’ கோபத்தில் இருந்ததால் போகவில்லையா? அல்லது போனேன், ஆனால் கோபம் காரணமல்ல என்கிறாரா? எழுத்தில் இரண்டு பொருளும் நிற்கும். தமிழில் ‘கோபமாக இருந்ததால் போகவில்லை’ என்பதும் ‘கோபத்தால் அல்ல, வேலை இருந்ததால் போனேன்’ என்பதும் தானாகவே பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் முதல் பொருள்தான் வேண்டும் என்றால் ‘பிகாஸ்’ பகுதியை முன்னால் தூக்கி வையுங்கள். இடம் பெயரும் உரிமை இந்த மாதிரி இடத்தில்தான் கைகொடுக்கிறது.

‘அண்ட்’, ‘பட்’ இவற்றில் வாக்கியம் தொடங்கக்கூடாது என்று பள்ளியில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி ஒரு விதி ஆங்கில இலக்கணத்தில் இல்லை. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் ஆதியாகமம் முதல் அதிகாரத்தின் 31 வசனங்களில் 29 வசனங்கள் ‘அண்ட்’ என்றே தொடங்குகின்றன. நல்ல ஆங்கிலம் எழுதுபவர்கள் யாரும் இந்தத் தடையை மதித்ததாகத் தெரியவில்லை. சின்னப் பிள்ளைகள் வரிக்கு வரி ‘அண்ட்’ போடுவதைத் தடுக்க ஆசிரியர்கள் சொன்னது, விதியாக உறைந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். என் வகுப்பில் ‘பட்’டில் தொடங்கும் வாக்கியத்துக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை.

நான் மதிப்பெண் குறைப்பது ‘ஹவ்எவர்’ விஷயத்தில். ஐடி பிள்ளைகளின் மெயில்களில் நிறைந்து கிடக்கிறது: ‘த பில்ட் இஸ் ரெடி, ஹவ்எவர் டெஸ்டிங் இஸ் பெண்டிங்.’ பொருள் ‘பட்’டைப் போல இருப்பதால் இதையும் இணைப்புச் சொல் என்று நினைத்துக் காற்புள்ளி போட்டு ஒட்டிவிடுகிறார்கள். ‘ஹவ்எவர்’, ‘தேர்ஃபோர்’, ‘மோர்ஓவர்’ மூன்றும் வினையடைகள். இரண்டு வாக்கியங்களின் தொடர்பைச் சுட்டிக்காட்டும், ஆனால் அவற்றைச் சேர்த்துக் கட்டாது. அதனால் முன்னால் ஒரு முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ தேவை. சந்தேகம் வந்தால் மறுபடியும் நகர்த்திப் பார்க்கலாம். ‘டெஸ்டிங், ஹவ்எவர், இஸ் பெண்டிங்’ என்று அது தன் வாக்கியத்துக்குள்ளேயே நடுவில் போய் உட்காரும். ‘டெஸ்டிங் இஸ் பெண்டிங், ஹவ்எவர்’ என்று கடைசிக்கும் போகும். ‘பட்’டை அந்த இடங்களில் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், நாக்கே மறுத்துவிடும்.